வெப்பத்தை அளந்த கதை – 6: ஹட்டனில் நூறு இல்லை

கொழும்பிலிருந்து பதுளைக்கு ஏறும் மலைநாட்டு ரயில் பாதையில், பெரும்பாலான நிலையங்களின் பெயர்ப்பலகையில் கடல் மட்டத்திலிருந்து அந்த இடம் எவ்வளவு உயரம் என்பதும் எழுதப்பட்டிருக்கும். 1884 இல் தண்டவாளம் வந்து சேர்ந்த ஹட்டனின் உயரம் 4,141 அடி, அதாவது ஏறத்தாழ 1,262 மீற்றர். அந்த உயரத்தில் அடுப்பில் வைத்த நீர் 96 பாகை செல்சியசைத் தொடுவதற்குச் சற்று முன்பே கொதித்துவிடும். நானுஓயாவில் 95 பாகையை ஒட்டிக் கொதிக்கும், பட்டிப்பொளையில் 94 பாகையை ஒட்டி. ஹட்டனிலிருந்து மஸ்கெலியா வழியாகப் போய்ச் சிவனொளிபாத மலையின் உச்சியில் தேநீருக்குத் தண்ணீர் வைத்தால் அது 93 பாகையிலேயே தளதளக்கும். ஆனால் இந்த ஊர்களின் பள்ளிக்கூடங்கள் அனைத்திலும் பிள்ளைகள் படிப்பது ஒரே வாக்கியத்தைத்தான்: நீரின் கொதிநிலை 100 பாகை. பொது விதி என்பது 100, ஹட்டன் அதற்கு ஒரு விலக்கு என்று எடுத்துக்கொள்வதே நம் வழக்கம். வெப்பமானி உருவான வரலாற்றைப் பார்த்தால் இந்த வரிசை தலைகீழானது என்று தெரிகிறது. நீர் இடத்துக்கு இடம், நாளுக்கு நாள் வேறுவேறு சூட்டில் கொதிக்கிறது என்பதே முதலில் தெரிந்த உண்மை. அந்த அலைச்சலை அடக்குவதற்காக மனிதர்கள் கூடிப் பேசி ஏற்படுத்திக்கொண்ட உடன்பாடுதான் 100.

சென்ற பகுதியில், சூடேறினால் பொருள் விரியும் என்ற ஒரே உண்மையைக் கொண்டு சூட்டுக்கு எண் கொடுக்க முயன்றவர்களைப் பார்த்தோம். காற்று விரிந்தது, சாராயம் விரிந்தது, இரசம் விரிந்தது. விரிவைப் பார்ப்பது எளிது. ஒருவர் குழாயில் இட்ட கோடு இன்னொருவர் குழாயில் எந்தக் கோட்டுக்குச் சமம் என்பதுதான் தீராத வழக்காக இருந்தது. அதைத் தீர்க்க, எங்கும் எப்போதும் மாறாத சூடு உள்ள சில புள்ளிகள் வேண்டியிருந்தன. டான்சிக்கில் பிறந்து ஆம்ஸ்டர்டாமில் கருவி செய்து பிழைத்த டானியல் கேப்ரியல் பரன்ஹைட் 1724 இல் மூன்று புள்ளிகளைச் சொன்னார். நீர், பனிக்கட்டி, நவச்சாரம் மூன்றும் கலந்த கலவை 0. வெறும் நீரும் பனிக்கட்டியும் 32. நலமாக இருக்கும் மனிதனின் உடல் 96. கொதிநீர் இந்த மூன்றில் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். அது தற்செயலும் அல்ல. நீர் கொதிக்கும் சூடு வளிமண்டல அமுக்கத்தைப் பொறுத்து மாறுகிறது என்பதை அதே ஆண்டில் எழுதி வைத்தவரும் அவரேதான். அந்த மாற்றத்தை வைத்தே பாரமானியின் வேலையைச் செய்யும் ஒரு வெப்பமானியையும் அவர் விவரித்தார். இன்று நாம் பரன்ஹைட் அளவில் கொதிநிலை என்று சொல்லும் 212, நிலைத்த புள்ளி என்ற தகுதியைப் பெற்றது அவர் இறந்த பிறகுதான்.

சுவீடனின் உப்சாலாவில் ஆண்டர்ஸ் செல்சியஸ் 1742 இல் தன் அளவுகோலை வெளியிட்டபோதும் இந்தச் சிக்கலை மறைக்கவில்லை. உருகும் பனியின் சூடு பாரமானி ஏறினாலும் இறங்கினாலும் அசையவில்லை என்று சோதித்து உறுதி செய்துகொண்டார். கொதிநீருக்கோ, பாரமானி ஒரு குறிப்பிட்ட உயரத்தில் நிற்கும்போது மட்டுமே தன் புள்ளி செல்லும் என்று நிபந்தனை வைத்தார். அவருடைய அளவில் கொதிநீர் 0, உருகும் பனி 100 என்றிருந்ததும் அவர் மறைந்த சில ஆண்டுகளில் அது புரட்டப்பட்டதும் பலர் அறிந்த செய்தி. நிபந்தனை அளவுக்குப் புரட்டல் முக்கியமல்ல. கருவி செய்தவர்களிடையே குழப்பம் அதற்குப் பிறகும் ஓயவில்லை. லண்டனில் ஜோர்ஜ் அடம்ஸ் செய்த ஒரு வெப்பமானியில் கொதிநிலை இரண்டு இடத்தில் குறிக்கப்பட்டிருக்கிறது: நீர் கொதிக்கத் தொடங்குவது 204, பலமாகக் கொதிப்பது 212. அந்த 204 பரன்ஹைட், ஹட்டனின் கொதிநிலையோடு ஏறக்குறைய ஒத்துப்போவது வெறும் தற்செயல்தான் என்றாலும் சுவையான தற்செயல். 1776 இல் ஹென்றி கவெண்டிஷ் தலைமையில் லண்டன் ரோயல் சொசைட்டி அமைத்த குழு, நல்ல பெயர் பெற்ற கருவிகளிலேயே கொதிநிலைக் கோடு இரண்டு மூன்று பாகை வேறுபடுவதைக் கண்டது. வெப்பமானியை நீருக்குள் முக்காமல் நீராவியில் வைக்கச் சொன்னது. பாரமானி 29.8 அங்குலம் காட்டும் நாளின் சூட்டையே கொதிநிலையாகக் கொள்ள வேண்டும் என்றும் விதித்தது. குழு கூடி முடிவு செய்யும்வரை இயற்கையில் அப்படி ஒரு நிலையான புள்ளி இருக்கவில்லை.

இலங்கை இந்தக் கதைக்குள் நுழைவது கண்டி வீழ்ந்த மறு ஆண்டு. மின்வேதியியலில் புகழ்பெற்ற ஹம்ப்ரி டேவியின் தம்பி ஜோன் டேவி, இராணுவ மருத்துவராக 1816 முதல் 1820 வரை இங்கே இருந்தார். 1821 இல் லண்டனில் அச்சான அவருடைய நூல், மலைநாட்டின் உள்பகுதிகளைக் கருவிகளோடு பார்த்த முதல் பதிவுகளில் ஒன்று. பரன்ஹைட்டின் மூன்றாவது புள்ளியான மனித உடலை அவர் வெப்பமானியோடு அணுகியதுதான் நமக்கு முக்கியம். குளிர்நாட்டிலிருந்து வெப்பநாட்டுக்கு வரும் மனிதரின் உடற்சூடு சற்று ஏறுகிறது என்ற முடிவுக்கு அவர் வந்தார். அந்த ஏற்றம் சிறிதுதான். ஆனாலும் உடலை நிலைத்த புள்ளியாக நம்ப முடியாது என்பதற்கு இந்தத் தீவிலிருந்து போன சாட்சி அது. 1817 இல் டேவி சிவனொளிபாத மலை ஏறினார். அதே 1817 இல் லண்டனில் வில்லியம் வொலஸ்டன், கொதிநீரின் சூட்டை நுட்பமாக அளந்து அதிலிருந்து மலையின் உயரத்தைச் சொல்லும் கருவியை ரோயல் சொசைட்டிக்கு விவரித்தார். நிலைத்த புள்ளியைத் தேடியவர்களுக்குத் தொந்தரவாக இருந்த குறை, நிலத்தை அளந்தவர்களுக்கு வழிகாட்டியானது. நீண்ட இரசத் தண்டைக் கொண்ட பாரமானியைச் சுமந்து மலை ஏறுவது எவ்வளவு பாடு என்பதை நினைத்தால் இதன் அருமை விளங்கும். ஒரு சிறு கெண்டியும் ஒரு வெப்பமானியும் போதும். ஜோசப் ஹூக்கர் 1840களின் இறுதியில் இமயத்தில் கொதிநிலை அளந்து உயரங்களைக் குறித்தது இப்படித்தான். கணக்கும் எளியது. ஏறத்தாழ 550 அடிக்கு ஒரு பரன்ஹைட் பாகை குறையும். ஹட்டனின் 4,141 அடியை 550 ஆல் வகுத்தால் ஏழரை வரும். 212 இல் ஏழரை கழித்தால் 204½. அதுவே 96 செல்சியசுக்குச் சற்றுக் கீழ்.

பாடநூல் இதைச் சொல்லாமல் விடவில்லையே, நியம வளிமண்டல அமுக்கத்தில் என்ற சொற்களை எழுதித்தானே இருக்கிறது என்று ஆசிரியர் ஒருவர் கேட்கலாம். எழுதித்தான் இருக்கிறது. ஆனால் அந்தச் சொற்கள் வாக்கியத்துக்கு வாலாக வருகின்றன. விடைத்தாளில் விட்டுப்போனால் அரைப் புள்ளி குறையும், அவ்வளவே. மேலே சொன்ன வரலாற்றின்படி அதுதான் வாக்கியத்தின் தலை. ஐம்பது ஆண்டு வாதாடி அடைந்தது அந்த நிபந்தனையைத்தான். 100 என்ற எண்ணை யாரும் ஒரு பிற்பகலில் தேர்ந்துகொள்ளலாம். கடலோரத்தில் இருக்கும் பள்ளியில் நிபந்தனையை மறந்தாலும் பரிசோதனை ஆசிரியரைக் காட்டிக்கொடுக்காது. ஹட்டனில் காட்டிக்கொடுத்துவிடும்.

நாலு பாகைதானே, அதற்கு இத்தனை ஆரவாரமா என்பது இன்னும் வலுவான மறுப்பு. இதற்குக் கணக்கிலேயே பதில் இருக்கிறது. கோடிடாத வெப்பமானி ஒன்றை ஹட்டனில் ஒரு மாணவி எடுத்து, உருகும் பனிக்கட்டியில் வைத்து 0 என்றும், கொதிக்கும் நீரின் ஆவியில் வைத்து 100 என்றும் கோடிட்டு, இடையை நூறு சம பங்காக்குகிறாள் என்று வைத்துக்கொள்வோம். பாடநூல் சொல்லும் முறை இதுவே. அந்தக் கருவியை நலமாக உள்ள ஒருவரின் நாவின் கீழ் வைத்தால் 37 பாகைக்குப் பதில் 38.6 காட்டும். பரன்ஹைட்டில் அது 101 ஐத் தாண்டிய காய்ச்சல். நோயே இல்லாதவரை ஆஸ்பத்திரிக்கு அனுப்பும் கருவியைச் செய்துவிட்டு, செய்முறையில் பிழையே இல்லை என்று அவள் முழுப்புள்ளியும் வாங்கலாம். சமையலிலும் நாலு பாகை அற்பமல்ல. தாழ்நாட்டில் வேகும் நேரத்தில் பருப்பு இங்கே வேகாது. விறகைக் கூட்டி எரித்தாலும் திறந்த பானை நீர் 96 ஐத் தாண்டப்போவதில்லை, விறகுதான் தீரும். பிரஷர் குக்கர் மூடியை இறுக்கிச் செய்வது, இழந்த அமுக்கத்தைப் பானைக்குள் திரும்பக் கொண்டுவருவதைத்தான்.

இந்த நாட்டின் பெரிய வணிகமும் இந்த நாலு பாகையின் மேல்தான் நடக்கிறது. கொழும்பில் தேயிலை ஏலம் தொடங்கியது 1883 இல், ஹட்டனுக்கு ரயில் வருவதற்கு ஓராண்டு முன்னர். அந்த ஏலத்துக்குப் போகும் ஹட்டன் பக்கத் தேயிலை இரண்டு இடத்தில் ருசி பார்க்கப்படுகிறது: தோட்டத்து ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், டீமேக்கர் பார்ப்பார், பிறகு கொழும்பில் தரகர் பார்ப்பார். இருவரும் கொதிக்கும் நீரையே ஊற்றுகிறார்கள். ஒருவரின் கொதிநீர் 96, மற்றவருடையது 100. நீரின் சூடு குறைந்தால் இலையிலிருந்து சாறு இறங்கும் வேகமும் குறையும். ஆகவே மலையில் ஊறிய கோப்பையும் கடலோரத்தில் ஊறிய கோப்பையும் ஒரே இலையாயினும் ஒரே தேத்தண்ணி ஆகா. கைதேர்ந்தவர்கள் இதை அனுபவத்தால் சரிக்கட்டிக்கொள்வார்கள். ஆனால் 'கொதிநீர்' என்று மட்டும் சொன்னால் அளவு சொல்லியாகிவிட்டது என்று நினைப்பதில் உள்ள ஓட்டை இதில் தெரிகிறது.

நிலைத்த புள்ளிகளை முடிவு செய்துவிட்டாலும் உடன்பாட்டின் வேலை முடியவில்லை. இரண்டுக்கும் இடையிலுள்ள தூரத்தை நூறு சம பங்காக வெட்டும்போது, ஒவ்வொரு பாகைக்கும் திரவம் சம அளவு விரிகிறது என்று நாமே ஏற்றுக்கொள்கிறோம். ஒரு கன சென்ரிமீற்றர் இரசம் ஒரு பாகைக்கு 0.00018 கன சென்ரிமீற்றர் விரியும். அதைத் தாங்கும் கண்ணாடியும் விரிவதால், குழாயில் நாம் காண்பது இரண்டின் வித்தியாசத்தை மட்டும். இரசம் பெரும்பாலும் ஒழுங்காக விரிகிறது. சாராயம் அப்படியல்ல, இரு முனையிலும் ஒத்துப்போகும்படி கோடிட்ட சாராய வெப்பமானியும் இரச வெப்பமானியும் நடுவில் பல பாகை வேறுபடும். நீரோ இந்த வேலைக்கு அறவே உதவாது. 0 இலிருந்து 4 பாகை வரை சுருங்கும், பிறகு விரியும். 90 பாகையில் விரியும் வேகம் 20 பாகையில் விரிவதைப் போல மூன்று மடங்குக்கு மேல். இந்த 4 பாகைச் சங்கதியை விளக்கப் பாடநூல்கள் உறைந்த ஏரியையும் அதன் அடியில் பிழைத்திருக்கும் மீனையும் காட்டுகின்றன. காசல்ரீ நீர்த்தேக்கமோ மவுசாக்கலையோ ஒருநாளும் 4 பாகையை அடையப்போவதில்லை. ஹட்டன் பிள்ளைக்கு அந்த மீன் வேறு கிரகத்து மீன். நுவரெலியாவில் ஜனவரி, பெப்ரவரி விடியல்களில் தேயிலைச் செடியைக் கருக்கும் உறைபனி, வெப்பமானி 0 க்கு மேல் காட்டும்போதே இலையில் படிகிறது. காற்றின் சூடு ஒன்று, வானை நோக்கித் தன் சூட்டை இழக்கும் இலையின் சூடு வேறொன்று. அதைச் சொல்லிக்கொடுத்தால் பாடம் நம் மண்ணில் நிற்கும்.

திண்மங்களின் விரிவுக்குப் பாடநூல் காட்டும் தண்டவாள இடைவெளிக்கு மட்டும் ஹட்டனில் பஞ்சமில்லை. 12 மீற்றர் உருக்குத் தண்டவாளம், விடியற்காலக் குளிரிலிருந்து உச்சி வெயில்வரை 35 பாகை சூடேறினால் ஏறத்தாழ 5 மில்லிமீற்றர் நீளும். ஹட்டனுக்கும் கொட்டகலைக்கும் இடையில் அரைக் கிலோமீற்றருக்கு மேல் நீளும் சிங்கமலைச் சுரங்கத்தின் உள்ளே அதே தண்டவாளம் வெயிலே காணாமல் கிட்டத்தட்ட ஒரே சூட்டில் கிடக்கிறது. ஒரே பாதை, ஒரே உருக்கு. நீளம் மட்டும் வாயிலுக்கு உள்ளே ஒன்று, வெளியே ஒன்று. அந்தி சாய்ந்ததும் லயத்துத் தகரக் கூரை படக் படக் என்று சத்தமிடுவதும் இந்தக் கணக்கில்தான் அடங்கும். இரண்டரை மீற்றர் தகடு வெயில் தணிந்து 30 பாகை ஆறும்போது ஒரு மில்லிமீற்றருக்குச் சற்றுக் குறைவாகச் சுருங்கும். ஆணி அதை விடாமல் பிடித்திருக்கும், இழுவை மிகும்போது தகடு சட்டென்று நழுவும்.

பள்ளிக்கூடம் செல்சியசில் பேசும்போது தேயிலை ஸ்டோர் பரன்ஹைட்டில் பேசிவந்ததை இனி பார்க்கலாம். கொழுந்து வாட்டும் மாடத்தில் ஈரத்துணி சுற்றிய குமிழ் ஒன்றும் உலர்ந்த குமிழ் ஒன்றுமாக இரட்டை வெப்பமானி தொங்கும். இரண்டின் வாசிப்புக்கும் இடையே எத்தனை பாகை என்பதைப் பார்த்துத்தான் காற்று எவ்வளவு ஈரத்தை இழுக்கும் என்று தீர்மானிக்கிறார்கள். டிரையருக்குள் நுழையும் சுடுகாற்று ஏறத்தாழ 200 பரன்ஹைட், வெளியேறும் காற்று 125, 130 என்ற எண்கள் தலைமுறை தலைமுறையாகக் கைமாறியவை. அசாமின் கச்சாரில் 1864 இல் தேயிலைக்கு வந்த சாமுவேல் டேவிட்சன், பின்னர் பெல்பாஸ்டில் 1881 இல் தொடங்கிய சிரோக்கோ தொழிற்சாலையின் உலர்த்திகள் இலங்கைத் தோட்டங்களுக்கும் வந்தன. எண்களும் அந்தக் காலத்துப் பிரிட்டிஷ் பொறியியலோடு வந்தவைதாம். 1970களில் நாடு மெற்றிக் அளவைகளுக்கு மாறத் தொடங்கிய பின்னும் இவை எளிதில் போகவில்லை. இதைக் காலனியின் எச்சம், துரைமார் காலத்துப் பழக்கம் என்று ஒதுக்குபவர்கள் உண்டு. வந்த வழி அதுதான், மறுப்பதற்கில்லை. நிலைத்ததற்கான காரணம் வேறு. ஸ்டோரின் அறிவு விதியாக எழுதப்பட்டதைவிட எண்ணாக நினைவில் இருப்பது அதிகம். எந்த எண்ணில் இலை கருகும், எந்த எண்ணில் அவிந்துபோகும் என்பதை ஆயிரக்கணக்கான கிலோ தேயிலையைப் பணயம் வைத்துக் கற்றவர்கள், அந்த எண்களில் 32 ஐக் கழித்து, ஐந்தால் பெருக்கி ஒன்பதால் வகுத்துப் புதிதாக மனனம் செய்ய எந்த அவசரமும் காணவில்லை. அந்த அறிவில் பெரும்பங்கு கொழுந்து பறித்தவர்களின், டிரையர் முன் நின்றவர்களின் கையிலும் மூக்கிலும் இருந்தது. வெப்பமானி மட்டும் டீமேக்கர் கையில் இருந்தது. எந்த அளவுகோலாயினும் அந்தப் பங்கீடு மாறியிருக்காது.

அந்த இரட்டை வெப்பமானியும் உயரத்துக்குக் கட்டுப்பட்டதே. ஈரக் குமிழுக்கும் உலர் குமிழுக்கும் உள்ள இடைவெளியை ஈரப்பதமாக மாற்றும் கணக்கில் வளிமண்டல அமுக்கம் ஒரு காரணி. கடல்மட்டத்துக்காகத் தயாரித்த அட்டவணையை ஹட்டனில் அப்படியே பார்த்தால், காற்றில் உண்மையில் இருக்கும் ஈரத்தைவிடச் சற்றுக் குறைவாகவே கிடைக்கும். ஸ்டோர்களில் அட்டவணைக்குப் போகாமல் இடைவெளியையே நேரடியாகக் கையாளும் வழக்கம் இந்தப் பிழையை ஓசையின்றித் தவிர்த்துவிட்டது. 1925 இல் தொடங்கிய தேயிலை ஆராய்ச்சி நிலையம் தலவாக்கலை சென் கூம்ஸ் தோட்டத்தில், அதாவது மலையிலேயே, அமைந்ததன் பயன் இத்தகைய இடங்களில்தான் தெரியும். மலைக்கான எண்ணை மலையில் இருந்துகொண்டே கண்டுபிடிக்கலாம்.

கொதிநிலை இன்று எந்த அளவுகோலுக்கும் அடித்தளம் இல்லையே, பழைய வழக்கை ஏன் கிளற வேண்டும் என்று கேட்பவர்களுக்கும் பதில் சொல்ல வேண்டும். 1948 இல் சென்டிகிரேட் என்ற பெயர் நீங்கிச் செல்சியஸ் என்ற பெயர் அதிகாரபூர்வமானது. 1954 இல் எடைகள், அளவைகள் பற்றிய பன்னாட்டு மாநாடு கொதிநீரைக் கைவிட்டது. பனிக்கட்டி, நீர், நீராவி மூன்றும் ஒருங்கே நிலைக்கும் ஒரே சூட்டை 273.16 கெல்வின் என்று வைத்துக்கொண்டது. அந்த மூன்றும் ஒன்றாக நிற்க ஒரே ஒரு அமுக்கம்தான் உண்டு என்பதால், மூடிய கண்ணாடிக் கலத்துக்குள் அது ஹட்டனிலும் கொழும்பிலும் ஒன்றே. 2019 மே 20 முதல் அதுவும் போய், போல்ட்ஸ்மன் மாறிலிக்கு ஓர் எண்ணை நிறுவி அதிலிருந்து வெப்பநிலை வரையறுக்கப்படுகிறது. எந்தப் பொருளின் குணமும் அதில் இல்லை. இவை என் வாதத்துக்கு எதிரானவை அல்ல. நிபந்தனை இல்லாமல் நிற்க முடியாத புள்ளியை அறிவியல் படிப்படியாகக் கைவிட்டது, 1724 இலேயே பரன்ஹைட் கண்டதை முழுதாக ஏற்றுக்கொண்டது என்றுதான் பொருள். இப்போது நடைமுறையில் உள்ள பன்னாட்டு அளவுகோலின்படி, நியம அமுக்கத்திலேயே நீர் கொதிப்பது 99.97 பாகையில். வெப்பமண்டலத்தில் பாரமானி நாளுக்கு இருமுறை, காலை பத்து மணி வாக்கிலும் இரவு பத்து மணி வாக்கிலும், ஏறி இறங்குவதால் கொழும்புக் கொதிநீரும் ஒரே எண்ணில் நிற்பதில்லை. அந்த ஆட்டம் ஒரு பாகையில் பத்தில் ஒரு பங்கைக்கூட எட்டாது என்பதால் யாரும் கவனிப்பதில்லை.

ஹட்டனில் கொதிக்கத் தொடங்கிய நீரை இன்னும் அரைமணி நேரம் எரித்தாலும் இரசம் அதே கோட்டில்தான் நிற்கும் என்பது இதுவரை தொடாத சங்கதி. அடுப்பிலிருந்து சூடு இடைவிடாமல் பானைக்குள் போகிறது, வெப்பமானி ஏற மறுக்கிறது. அப்படியானால் போன சூடு எங்கே? இதை 1760களின் தொடக்கத்தில் கிளாஸ்கோவில் தராசையும் கடிகாரத்தையும் வைத்துக்கொண்டு கேட்ட ஜோசப் பிளாக், வெப்பம் வேறு, வெப்பநிலை வேறு என்று பிரித்துக் காட்டினார். அவரை அடுத்த பகுதியில் பார்ப்போம்.